மாலைக்கு ஒரு முகம்

அத்தியாயம் 14

மூன்று வாரமாக ‘ஆகாது’ என்று ஒற்றைக் காலில் நின்ற சுலோசனா, போன வாரம் மகன் லோகேஷின் கெஞ்சலில் மனம் இளகிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நாம் பார்த்தோம். அவள் தங்கை கலைவாணியின் கதை வெப் சீரிஸ் ஆகிறது. லோகேஷ் அதில் உதவி இயக்குநர். கதையை டைரக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான்.

கலைவாணி பதினோரு வருஷத்துக்கு முன்னால், கோவில்பதாகையில் தன் சொந்த வீட்டுக்குள் பட்டப்பகலில் கொல்லப்பட்டவள். செய்தவன் அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்துப் போனவன். நகைக்காகச் செய்தான் என்று கோர்ட் சொல்லி, அவனை ஆயுளுக்கும் உள்ளே தள்ளிவிட்டது. ஆனால் ஒரே ஒரு கேள்வி மட்டும் பதில் இல்லாமல் நின்றது. கதவு உடைக்கப்படவில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவள் கலைவாணி மட்டும்தான்.

வேலையற்ற வாய்களுக்கு அது போதாதா? ‘அவளே திறந்து விட்டிருக்கா’ என்று ஆரம்பித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அதற்குக் கையும் காலும் வைத்தார்கள். கலைவாணியின் கணவன் ஊர்ப் பேச்சைத் தாங்க முடியாமல் வடக்கே வேலை தேடிப் போனான், அங்கேயே இன்னொரு குடும்பமும் அமைத்துக்கொண்டான். அவன் விட்டுப்போன எட்டு வயதுப் பெண் பவ்யாவை, அதே தெருவில் இருந்த சுலோசனாதான் வளர்த்தாள். இப்போது பவ்யாவுக்குப் பத்தொன்பது. தங்கையின் பெயர் சுத்தமாக வேண்டும், பவ்யா நாளைக்கு ஒரு வீட்டுக்கு வாழப் போகும்போது தலை நிமிர்ந்து போகவேண்டும். சுலோசனா கையெழுத்துப் போட்டது அந்த ஒரு ஆசைக்காகத்தான்.

“உள்ளது உள்ளபடி காட்டுவோம்மா. சித்தியைச் சாமியாட்டம் காட்டுவோம், பாரேன்” என்று சத்தியம் செய்திருந்தான் லோகேஷ்.

இன்றைக்குப் படப்பிடிப்பைப் பார்க்க வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. அதுவும் வாசலுக்கே கம்பெனி கார்!

தெருவே எட்டிப் பார்த்தது. சுலோசனா வேண்டுமென்றே கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, புடவை முந்தானையை இரண்டு தடவை சரிசெய்தாள். பிறகு மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போய், ஏற்கெனவே கையில் இருந்த பையையே மறுபடி எடுத்துக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு சபீனாவின் அம்மா பார்க்காமல் போய்விட்டால்?

“பெரிம்மா, போதும். டிரைவர் சிரிக்கிறாரு” என்றாள் பவ்யா.

“சிரிக்கட்டும். எங்க ஊட்டுக் கதையைத்தான் எடுக்கிறாங்க. தெரியட்டும் எல்லாத்துக்கும்.”

பருத்திப்பட்டு தாண்டும்வரைக்கும் சுலோசனாவின் வாய் ஓயவில்லை. இன்ஸ்பெக்டராக வீரராகவன் நடிக்கிறாராம். எத்தனை படத்தில் அப்பாவாக வந்து அழவைத்த மனுஷன்! தான் கிண்டிய கேசரியைச் சாப்பிடுவாரா, சர்க்கரை இருக்குமா, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா? மடியில் இருந்த தூக்குச்சட்டியைத் திறந்து திறந்து மூடினாள். முந்திரி மேலே தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமே!

பவ்யா ஜன்னல் பக்கம் திரும்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கும் குஷிதான், வெளியே காட்டமாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள் சுலோசனா.

சென்னீர்குப்பத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதுமே கேரவன் தெரிந்தது. ஜெனரேட்டர் இரைந்தது. ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எழவு வீட்டுப் பந்தல்தான், அதற்குள்ளே டீயும் மசால்வடையும் சுற்றிக்கொண்டிருந்தன.

லோகேஷ் ஓடிவந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கிளாப் பலகை. பெற்றவளுக்குப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

“ம்மா, சத்தம் போடாத வா. உள்ள ஒரே கலாட்டா.”

“இன்னாடா கலாட்டா?”

கலாட்டாவுக்குக் காரணம் ஒரு மாலை. செத்துப்போனவளாக நடிப்பவள் கிருஷ்ணப்பிரியா என்ற புதுப் பெண். இன்றைக்கு எடுக்கவேண்டியது, இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக்கு வந்து, சுவரில் மாலை போட்டு மாட்டிய அவளுடைய படத்தைப் பார்க்கும் காட்சி. கிருஷ்ணப்பிரியாவின் அம்மா முத்தம்மாள் ஹாலுக்கு நடுவில் நின்று கையை விரித்துவிட்டாள்.

“ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கேன். எம் பொண்ணு படத்துக்குச் சந்தன மாலையா? நடக்கவே நடக்காது.”

டைரக்டர் ஹேமநாதன் சின்ன வயது. சத்தமே போடாத ஆள். “நேத்து பிணமாவே படுத்தாங்களேம்மா, அதுக்கு ஒண்ணும் சொல்லலையே?”

“படுத்தா. உங்க ஷாட் முடிஞ்சதும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிச்சா. அதோட தோஷம் கழிஞ்சுது. போட்டோ எழுந்து சிரிக்குமா? நீங்களே சொல்லுங்க.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நியாயம்தானே என்று சுலோசனாவுக்கும் பட்டது. சினிமாக்காரர்களுக்கு இதில் எல்லாம் நம்பிக்கை அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பார்க்கப் பார்க்கச் சுவாரசியமாக இருந்தது. ஒரு மசால்வடை எடுத்துக்கொண்டாள்.

வேறு யார் படத்தையாவது மாட்டலாம் என்று ஆரம்பித்தார்கள். மேக்கப் பெண்ணைக் கேட்டார்கள், அவள் கேரவனுக்குள் ஓடிவிட்டாள். புரொடக்‌ஷன் மேனேஜர் ஏகாம்பரத்திடம், “உங்க சம்சாரம் போட்டோ இருக்குமா?” என்று கேட்டதற்கு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கம்ப்யூட்டரில் ஒரு முகம் செய்து பார்த்தார்கள். பொம்மைக்குப் பொட்டு வைத்த மாதிரி இருக்கிறது என்று டைரக்டர் தள்ளிவிட்டார். வீரராகவன் மத்தியானத்துக்கு மேல் வேறு படத்துக்குப் போகவேண்டும். ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

லோகேஷ் டைரக்டரின் காதில் என்னவோ சொன்னான். டைரக்டர் அவன் தோளில் தட்டினார். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் பறந்தான்.

“எங்க பெரிம்மா போறான் அண்ணன்?” என்றாள் பவ்யா.

“அவன் மூளைக்காரன்டி. எதனா பண்ணுவான்.”

பண்ணினான். சுலோசனா வீரராகவனுக்குக் கேசரி கொடுத்து, அவர் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டு, “வீட்டு நெய்யா?” என்று கேட்டு, அவளை ஆகாயத்தில் மிதக்க விட்டிருந்த நேரத்தில் உள்ளே சுவரில் படம் ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தவள் கையிலிருந்த கரண்டியைத் தவற விட்டாள்.

அங்கே கலைவாணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

லோகேஷின் போனில் இருந்த படம்தான், திருவேற்காட்டுக் கோயில் வாசலில் எடுத்தது. தலை நிறைய மல்லிகை. பக்கத்தில் நின்ற சின்ன பவ்யாவை வெட்டிவிட்டு, அவளை மட்டும் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சந்தன மாலையும் மாட்டியிருந்தார்கள். லைட்மேன் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிஜமான ஊதுவத்தியே ஏற்றினார்.

“ம்மா, கோச்சுக்காத” என்றான் லோகேஷ் மூச்சு வாங்க. “சித்தி வேஷத்துக்குச் சித்தியே வந்துட்டாங்க. நல்லாதானே கீது?”

சுலோசனாவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷம்தான் வந்தது. ஊரே தூற்றிய தங்கை, இத்தனை விளக்குக்கு நடுவில், இத்தனை பேர் பார்க்க, மகாராணி மாதிரி! கண்ணைத் துடைத்துக்கொண்டு பவ்யாவைத் தேடினாள். பவ்யா கதவு ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“சைலன்ஸ்!”

ஜெனரேட்டர் தவிர எல்லாம் அடங்கியது. லோகேஷ் கிளாப் அடித்துவிட்டு ஒதுங்கினான். வீரராகவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, படத்துக்கு எதிரே மெல்ல வந்து நின்றார்.

கான்ஸ்டபிளாக நடித்தவன் சொன்னான். “கதவை உடைச்ச மாதிரி தெரியல சார்.”

வீரராகவன் விரலால் கண்ணாடியைத் தொட்டார். கலைவாணியின் உதட்டுக்குப் பக்கத்தில்.

“உடைக்க அவசியமே இல்லய்யா. இந்தச் சிரிப்பு யாருக்காகவோ கதவைத் திறந்து வெச்சிருக்கு.”

ஒரு நொடி சுலோசனாவுக்குக் காது கேட்கவில்லை. அடுத்த நொடி, பதினோரு வருஷமாக எந்தப் பேச்சைக் கேட்டு அவள் தெருக் குழாயடியில் சண்டைக்குப் போனாளோ, அதே பேச்சு, அதே அசிங்கம், வீரராகவனின் கணீர்க் குரலில் வந்து விழுந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

விளக்கு வெளிச்சத்துக்குள் விறுவிறுவென்று நடந்தாள். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள், உதறினாள். வீரராகவனைத் தள்ளிக்கொண்டு போய், மாலையோடு படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இன்னா பேச்சு பேசுறீங்க? யாரைப் பார்த்து இன்னா பேச்சு!”

யாரும் அசையவில்லை. வீரராகவன் நின்ற இடத்தைவிட்டு விலகவில்லை. டைரக்டர் ஹேமநாதன் மட்டும் ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி, லைட் ஸ்டாண்டு ஓரமாக வந்து நின்றார். அந்தக் கை தன்னைச் சமாதானப்படுத்துவதற்கு என்றுதான் சுலோசனா நினைத்தாள்.

“சொல்லுங்கம்மா” என்றார் மெதுவாக. “எது தப்பாப் பட்டுது?”

“எதுவா? எந் தங்கச்சி அந்த மாதிரியா? உள்ளது உள்ளபடின்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினீங்க!”

“இது உங்க தங்கச்சி இல்லம்மா. பேரு மலர்விழி. எல்லாமே கற்பனைன்னு முதல்லயே எழுத்து போட்டுடுவோம்.”

“கற்பனையா?” சுலோசனாவுக்குக் குரல் உச்சிக்கு ஏறியது. “அப்ப இது யாரு? உங்க கற்பனைக்கு மாட்ட எங்க ஊட்டு மூஞ்சிதான் கெடைச்சுதா? இந்தம்மா பொண்ணு படத்துக்கு மாலை போட்டா ஆயுசு கொறைஞ்சிடும். உங்க மேனேஜரு பொண்டாட்டி படத்தைத் தர மாட்டாரு. அல்லாரும் பயந்து ஓடினீங்களே, நானும் வடை தின்னுகினு பார்த்துகினுதானே இருந்தேன்! இவளுக்கு மட்டும் மாலையும் போடலாம், அதுக்கு மேல சேத்தையும் வாரிப் போடலாமா?”

முத்தம்மாள் தன் மகளைக் கையோடு பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். லோகேஷ் ஓரடி முன்னால் வந்தான்.

“ம்மா, எனக்கு அந்த டயலாக் தெரியாதும்மா. நேத்து ராத்திரிதான் மாத்தினாங்க.”

“தெரிஞ்சிருக்கணும்டா! உன்னைத் தூக்கி வளர்த்தவடா அவ!”

டைரக்டரின் குரல் இன்னும் இறங்கியது. கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி. “ஒரே ஒரு விஷயம்மா. பார்க்கிறவங்க கேப்பாங்க இல்ல? கதவு உடையல. அப்ப திறந்தது யாரு? எனக்கு ஒரு பதில் வேணும்மா. உங்களுக்குத் தெரியுமா?”

சுலோசனா படத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பதினோரு வருஷமாக அவளைத் தின்னும் கேள்வி அதுதான். ராத்திரிகளில், தங்கையின் மேல் உயிரையே வைத்திருந்த அவளுக்கே, ஒரு கணம், ஒரே ஒரு கணம், ‘ஏண்டி திறந்தே?’ என்று தோன்றியதுண்டு. அந்த வெட்கம் இப்போது முகத்தில் சுட்டது.

“நான்தான் திறந்தேன்.”

எல்லாரும் திரும்பினார்கள். பவ்யா வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள்.

“இன்னாடி சொல்றே?”

“அன்னிக்கு எனக்கு ஜுரம் பெரிம்மா. ஸ்கூலுக்குப் போகல. அம்மா மாத்திரை குடுத்துட்டு, என் பக்கத்துலயே படுத்துத் தூங்கிட்டாங்க. பெல் அடிச்சுது. ஜன்னல் வழியாப் பார்த்தேன். என் ரூமுக்கு ரோஸ் கலர் அடிச்ச அங்கிள். ‘ஏணியை உள்ளயே விட்டுட்டேன் பாப்பா, எடுத்துக்கிறேன்’னாரு. ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் தாழ்ப்பாளை எடுத்தேன்.”

பவ்யாவின் குரல் நடுங்கவில்லை. இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு போல வந்தது.

“‘அம்மாவை எழுப்பாத, பக்கத்துல போய் விளையாடு’ன்னாரு. நானும் சபீனா அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப வாசல்ல கூட்டம்.”

“ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கல பெரிம்மா.”

கேட்க வந்தார்கள். ஒரு லேடி போலீஸ் வந்து, குழந்தையிடம் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றாள். வாசலில் குறுக்கே நின்று, ‘கொழந்தை காலையிலருந்து பக்கத்து ஊட்லதான் கீது, அதுக்கு ஒண்ணும் தெரியாது, அதைத் தொந்தரவு பண்ணாதீங்க’ என்று விரட்டி அனுப்பியது யார்? சாட்சாத் சுலோசனாதான். குழந்தை எப்போது அங்கே போனது என்று விசாரிக்காமலே, பிஞ்சு மனசு நோகக்கூடாது என்று ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்யில்தான் தங்கையின் பெயர் போய்விட்டது. இந்தப் பெண்ணோ எட்டு வயதிலிருந்து எல்லாவற்றையும் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

“எங்கம்மாவுக்கு யார் வந்ததுன்னே தெரியாது” என்றாள் பவ்யா டைரக்டரைப் பார்த்து. “தூக்கத்துல இருந்தாங்க. இப்ப பதில் கெடைச்சுதா சார்?”

சுலோசனா படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பவ்யாவை இழுத்து அணைத்தாள். “எங் கண்ணு, உன் மேல இன்னாடி தப்பு? கொழந்தைடி நீ! நான்தான் பாவி, உன்னைக் கேக்காம வுட்டேன்.” அழுகையும் ஆத்திரமும், இதற்கு நடுவில் நம்பமுடியாத ஒரு சந்தோஷமும் சேர்ந்து அவளை உலுக்கின. கலைவாணி திறக்கவில்லை! அவள் திறக்கவே இல்லை! தெருத்தெருவாகப் போய்க் கத்தவேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் வீரராகவனின் முகத்தைக் கவனித்தாள். அவர் இவர்களைப் பார்க்கவில்லை. சங்கடத்தோடு நேரே எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்துக்குச் சுலோசனாவும் திரும்பினாள்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேமராமேன் ஜஸ்டின் கண்ணை எடுக்காமல் அதற்குப் பின்னால் குனிந்திருந்தான். டைரக்டர் தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை. அது அவளைச் சமாதானப்படுத்த எழுந்த கை அல்ல, ‘நிறுத்தாதே’ என்று ஜஸ்டினுக்குக் காட்டிய கை. அவர் கண்கள் பளபளத்தன. லாட்டரி அடித்தவனுக்குக்கூட அப்படிப் பளபளத்திருக்காது.

“கட்!”

வீடே அதிர்ந்தது. டைரக்டரைத் தவிர வேறு எவனும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. சொன்னால் அன்றோடு சினிமாவை மறந்துவிட வேண்டியதுதான். லோகேஷ் கேமராவுக்கு முன்னால் போய், கிளாப் பலகையால் லென்ஸை மறைத்துக்கொண்டு நின்றான்.

“எவன்டா கட் சொன்னது?” ஹேமநாதன் முதல் தடவையாகக் கத்தினார்.

“நான்தான் சார்.”

“என்ன பண்றேன்னு தெரியுதா? அழிஞ்சு போயிடுவே. அந்த மாதிரி ஒரு ஷாட் ஆயுசுக்கும் கெடைக்காது.”

“அது ஷாட் இல்ல சார். எங்க பவி.” அவன் பலகையை இறக்கவில்லை. “பேரை மாத்தினீங்க, கம்முனு இருந்தேன். படத்தை நானே மாட்டினேன். இது ஆவாது சார்.”

டைரக்டர் அவனைச் சட்டை செய்யவில்லை. கையை நீட்டினார். “ஜஸ்டின், கார்டைக் கழட்டு. கழட்டி என்கிட்ட குடு.”

ஜஸ்டின் கேமராவிலிருந்து சின்ன கார்டு ஒன்றை உருவி எடுத்தான். தீப்பெட்டி அளவு இருக்கும். கலைவாணியின் பெயரைக் காப்பாற்றுகிற சாட்சி அதில் இருந்தது. ஒரு பெண் குழந்தை பதினோரு வருஷம் வாய் திறக்காமல் அழுத அழுகையும் அதில்தான் இருந்தது. ஊர் பார்க்கவேண்டியதா, ஊர் பார்க்கவே கூடாததா? சுலோசனாவுக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது.

“நைனா ஜஸ்டின்” என்றாள். “அதைக் காட்டுறதா வாணாமான்னு சொல்லவேண்டியது அவருமில்ல, நானுமில்ல. அது இவ அம்மா கதை. இவகிட்ட குடு.”

பவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்டினாள். ஹேமநாதன் தன் கையை மடக்கவில்லை. ஜஸ்டின் கார்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, நீண்டிருந்த இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.